பச்சை டிக் மாப்பிள்ளை

என் வேலையை யாராவது சரி என்று சொன்னால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். ஒன்பதாவது வரை பள்ளிக்கூடம் போனேன். அத்தனை வருடமும் வாத்தியார்கள் என் நோட்டில் போட்டது தப்பு என்கிற பெருக்கல் குறி மட்டும்தான். (கணக்கு நோட்டில்கூட நான் அவ்வளவு பெருக்கியதில்லை.) அப்படிப்பட்ட எனக்கு, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கம்ப்யூட்டர் பச்சை நிறத்தில் டிக் போட்டு, நூற்றுக்கு நூறு என்று காட்டியது. நான் சந்தோஷப்படவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டு, 'இது ஏதோ திட்டம் போடுது' என்றுதான் நினைத்தேன்.

சந்தேகப்பட்டது சரி. யாரைச் சந்தேகப்படுவது என்பதில்தான் தப்பு.

2012 வாக்கில் ஒரகடம் ரோட்டில் கோதண்டம் அண்ணன் ஆபீஸில் வேலை செய்தேன். அண்ணன் கம்பெனிகளுக்கு ஆள் சப்ளை செய்பவர். தென்மாவட்டப் பையன்கள் பையும் பெட்டியுமாக வந்து இறங்குவார்கள். அண்ணன் அவர்களுக்கு ஹாஸ்டலில் ஒரு கட்டில் கொடுத்து, வேனில் ஏற்றி, ஷிஃப்டுக்கு அனுப்புவார். நான் அந்த ஆபீஸின் கம்ப்யூட்டர் என்ஜினியர். (ஆபீஸில் கம்ப்யூட்டரை ஆன் பண்ணத் தெரிந்த ஒரே ஆள் என்று படிக்கவும்.) படப்பையில் ஒரு பிரவுசிங் சென்டரில் தரை துடைக்கப் போய், துடைக்கிற சாக்கில் அடுத்தவன் திரையை எட்டிப் பார்த்து வெப்சைட் செய்யக் கற்றுக்கொண்டவன் நான். அதாவது, இன்னொருவன் செய்த வெப்சைட்டை எடுத்து, பேரை மாற்றி, கலரை மாற்றத் தெரிந்தவன்.

அண்ணனுக்கும் அப்படி ஒன்று செய்து கொடுத்திருந்தேன். முழுக்கத் தமிழில். மேலே அண்ணன் போட்டோ. அதற்குக் கீழே ஹாஸ்டல் கட்டில், கேன்டீன், வேன். கடைசியில் வேலைக்கு விண்ணப்பிக்க ஒரு ஃபார்ம், அதன் அடியில் இரண்டு பட்டன். பச்சையை அழுத்தினால் எங்களுக்கு வந்து சேரும். சிவப்பை அழுத்தினால் எழுதியதெல்லாம் அழிந்து போகும்.

போட்டோக்களைப் பற்றி இரண்டு உண்மைகள். அந்தக் கட்டில் எங்கள் கட்டில் இல்லை. ஏதோ வெளிநாட்டு ஓட்டல் கட்டில், நெட்டில் சுட்டது. அண்ணன் தலையில் இருந்த முடி அண்ணன் முடி இல்லை. போட்டோஷாப்பில் நான் நட்டது. இரண்டுமே அண்ணன் உத்தரவு.

ஒரு நாள் அண்ணன் கூப்பிட்டார். (என் பெயர் ஏழுமலை. அண்ணன் வாயில் ஏழு மட்டும்தான் வரும்.)

"டேய் ஏழு, இங்க வா. நம்ப ஆளுங்க வேல செய்ற கம்பெனி எச்.ஆர். மேடம் போன் பண்ணுச்சி. கண்ணு தெரியாதவங்களும் நம்ப வெப்சைட்ட யூஸ் பண்ற மாதிரி இருக்கணுமாம். இல்லன்னா கான்ட்ராக்ட் கஷ்டமாம்."

"கண்ணு தெரியாதவங்க எப்டிண்ணா வெப்சைட் பாப்பாங்க?"

"அதத்தான்டா நானும் கேக்கறேன். இதுல ஏதோ உள்குத்து கீது."

அண்ணனுக்கு உலகத்தில் யார்மேலும் நம்பிக்கை கிடையாது. டீக்கடையில் டீ வாங்கினால் கண்ணாடி டம்ளரை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். எனக்கும் அவருக்கும் பத்து விஷயத்தில் ஒத்துப் போகாது. சந்தேகத்தில் மட்டும் அண்ணன் தம்பி.

மேடம் ஒரு லிங்க் அனுப்பியிருந்தார். அதில் நம் வெப்சைட் முகவரியைப் போட்டால், எங்கெங்கே தப்பு என்று அதுவே தேடிக் காட்டும். போட்டேன். அம்மை போட்ட உடம்பு மாதிரி பக்கம் முழுக்கச் சிவப்புப் புள்ளிகள். ஒவ்வொரு படத்தின்மேலும் ஒன்று. ஃபார்மின் ஒவ்வொரு பெட்டியின்மேலும் ஒன்று.

பார்வை இல்லாதவர்கள் கம்ப்யூட்டரில் ஒரு வாசிக்கும் சாஃப்ட்வேர் வைத்திருப்பார்கள், திரையில் உள்ளதை அது சத்தமாகப் படிக்கும், படம் வந்தால் அதற்கு ஒன்றும் புரியாது, அதனால் படத்துக்குப் பின்னால் 'இது இன்ன படம்' என்று மறைவாக எழுதி வைக்க வேண்டும். இதெல்லாம் இப்போது தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அந்த இடத்தில் எதையாவது எழுதினால் சிவப்புப் புள்ளி போய்விடுகிறது.

எதையாவது! அதுதான் எனக்கு உறுத்தியது. இது எழுதியதைப் படிக்கிறதா, இல்லை எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறதா? சோதித்துப் பார்த்துவிடலாம் என்று கேன்டீன் படத்துக்குப் பின்னால், 'ஏ மிஷினே, நீ படிக்கிறியா இல்லியா?' என்று எழுதினேன். சிவப்பு போனது. எனக்குத் தைரியம் வந்தது. வேனுக்கு, 'ஏசி கீது. வேல செய்யாது' என்று எழுதினேன். பச்சை. கட்டிலுக்கு, 'இது நம்ப கட்டில் இல்ல. நெட்டுல சுட்டது' என்று எழுதினேன். பச்சை. கடைசியாக அண்ணன் படம். கதவை ஒரு தடவை பார்த்துக்கொண்டு, 'இவர்தான் ஓனர். முடி போட்டோஷாப். சிரிப்பும்தான்' என்று எழுதினேன்.

அதற்கும் பச்சை.

ஃபார்மில் எல்லாப் பெட்டிக்கும் 'இங்க எழுது' என்று ஒரே பெயர். இரண்டு பட்டனுக்கும் 'பட்டன்' என்று ஒரே பெயர். முடிந்தது. பெரிய டிக். நூற்றுக்கு நூறு. அதன் அடியில் எறும்பு சைஸில் ஒரு வரி இங்கிலீஷில் இருந்தது. (இங்கிலீஷ் என்பதால் மரியாதையாக ஒதுங்கிவிட்டேன்.)

அண்ணன் வந்து பார்த்தார்.

"நூறா? நீயா? இன்னொரு வாட்டி அமுத்து."

அமுத்தினேன். மறுபடி நூறு.

"இதுக்குத் துட்டு கேக்குதா?"

"ஃப்ரீண்ணா."

"ஃப்ரீயா நூறு மார்க் குடுக்குதா? அப்ப கண்டிப்பா ஏதோ கீது," என்று சொல்லிவிட்டு, அதையே படம் எடுத்து மேடத்துக்கு அனுப்பச் சொன்னார். கான்ட்ராக்ட் பிழைத்தது.

எழுதிய வசனங்களை மறுநாள் அழித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். மறுநாள் எனக்குக் கல்யாணப் பேச்சு வந்து தொலைத்தது.

பெண் குன்றத்தூர். பெயர் சுமதி. கம்பெனியில் அசெம்பிளி லைனில் வேலை. தரகர் போட்டோ கொண்டுவந்தார். முதலில் அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அடுத்தவன் தலையில் முடி நட்டவனுக்கு எந்தப் போட்டோவை நம்ப முடியும்? எங்கேயும் கைவைத்த தடம் இல்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. இந்த முகம் நிஜமென்றால், இவள் எதற்கு என்னைக் கட்டிக்கொள்ள வேண்டும்? ஆனால் அன்று முதல் எனக்கு அவள்தான். வேறு போட்டோ எதையும் காட்டாதே என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

அம்மா எங்கள் ஊர் மண்ணூரிலிருந்து கிளம்பிப் போய்க் கம்ப்யூட்டர் ஜோசியத்தில் ஜாதகம் பார்த்தாள். பத்துக்கு ஒன்பது பொருத்தம். ஒரே மாதத்தில் இரண்டு கம்ப்யூட்டர் என்னைப் பாஸ் போட்டுவிட்டன.

தரகர் போகும்போது காதில் சொன்னார்: "ஏழுமல, பொண்ணுக்கு அப்பா கெடையாது. அண்ணன்தான் எல்லாம். தயாளன்னு பேரு, பேங்க்ல வேல. அவரு சரின்னா சரி. உன்னப் பத்தி கமுக்கமா விசாரிப்பாங்க. டீக்கடைக்கு வருவாங்க, ஆபீஸாண்ட வருவாங்க. எவன் இன்னா கேட்டாலும் மூஞ்ச சிரிச்சா மாதிரி வச்சிக்கோ."

அவ்வளவுதான். ஊரில் எல்லாருமே ஒற்றர்களாகிவிட்டார்கள். ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கெல்லாம் நகர்ந்து இடம் விட்டேன். (ஒரு தடவை நகர்ந்து நகர்ந்து வெளியே விழப் பார்த்தேன்.) டீக்கடையில் புதிதாக ஒரு ஆள். இஸ்திரி போட்ட சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா. "தம்பி எங்க வேலை? கல்யாணம் ஆயிடுச்சா? குடி, சிகரெட் உண்டா?" என்று தோண்டித் தோண்டிக் கேட்டார். இவர்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். ஒரு வாரம் அவருக்கு டீயும் வடையும் என் கணக்கு. கடைசியில் பார்த்தால் இன்சூரன்ஸ் ஏஜென்ட். என் உயிருக்கு ஒரு பாலிசி போட்டுவிட்டுத்தான் போனார்.

அந்த வாரத்தில்தான் ஆபீஸுக்கு ஒரு போன் வந்தது.

"உங்க வெப்சைட்ல ஃபார்ம் நிரப்பினேன். கடைசில ரெண்டு பட்டன் இருக்கு. எதை அழுத்தணும்?"

"பச்சைய அமுத்துங்க சார்."

"எது பச்சை?"

"இன்னா சார், காலங்காத்தால காமெடி பண்றீங்க? அம்மாம் பெருசா பச்சையா கீது. கண்ணு தெரியல?"

"தெரியாதுப்பா," என்றது குரல், நிதானமாக.

இங்கே ஒரு மனிதன் என்ன செய்திருக்க வேண்டும்? நான் என்ன செய்தேன் தெரியுமா? சந்தேகப்பட்டேன். கான்ட்ராக்டைப் பிடுங்க எவனோ எதிர்க்கடைக்காரன் ஆள் வைத்து ஆழம் பார்க்கிறான் என்று நினைத்தேன்.

"சார், இந்த ட்ராமால்லாம் வேணாம். நாங்க நூத்துக்கு நூறு. போயி டிக்க பாருங்க," என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். ஊரில் இருந்த முகங்களுக்கெல்லாம் வடை வாங்கிக் கொடுத்தவன், வந்த ஒரே ஒரு குரலைக் கடித்துத் துப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை குன்றத்தூர் போனோம். நான், அம்மா, அப்பா ஸ்தானத்தில் கோதண்டம் அண்ணன். "உன்ன நம்பித் தனியா அனுப்ப முடியாது" என்று அவரே காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

வீட்டு ஹாலில் ஒரு மேசை, அதில் கம்ப்யூட்டர். பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு தயாளன் உட்கார்ந்திருந்தார். கை மேசை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தது. தரகர் ஏன் பெண்ணின் அண்ணனைப் பற்றி 'பேங்க்' என்கிற ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டார் என்று அப்போதுதான் புரிந்தது.

"வாங்க, வாங்க. உட்காருங்க," என்றார்.

அந்தக் குரல்!

ஆபீஸ் போனில் நான் கடித்துத் துப்பிய அதே குரல். என் மூளை உடனே ஒரு திட்டம் போட்டது. நான் பேசினால்தானே என் குரலைக் கண்டுபிடிப்பார்? பேசவே கூடாது.

"மாப்பிள்ளை எவ்ளோ நாளா இந்த வேலையில இருக்கீங்க?" என்று கேட்டார் தயாளன்.

நான் பணிவாகத் தலையை ஆட்டினேன். (பார்வை இல்லாதவரிடம். நன்றாக, இரண்டு பக்கமும்.)

"வாயத் தொறந்து சொல்லேன்டா," என்று அம்மா இடுப்பில் இடித்தாள்.

வேறு வழியில்லை. அடிவயிற்றிலிருந்து கட்டையாக ஒரு குரல் எடுத்து, "மூணு வருஷமா" என்றேன்.

அம்மா பதறிவிட்டாள். "ஐயோ, தொண்டைக்கு இன்னாடா ஆச்சி? காலைல நல்லாதான கத்திகினு இருந்த?"

"விடுங்கம்மா," என்றார் தயாளன். உதட்டோரம் ஒரு சிரிப்பு. "அவர் பேச வேணாம். அவரோட வெப்சைட்டே நல்லாப் பேசும்."

கைகள் கீபோர்டில் ஓடின. ஸ்பீக்கரிலிருந்து, தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து பேசுகிற மாதிரி ஒரு குரல், தமிழில், ஏற்ற இறக்கமே இல்லாமல், வாசிக்க ஆரம்பித்தது. என் வேலையை அம்மாவுக்கும் பெருமையாகக் காட்டப் போகிறார் என்று கோதண்டம் அண்ணன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"படம். இவர்தான் ஓனர். முடி போட்டோஷாப். சிரிப்பும்தான்."

அண்ணன் கை தானாகத் தலைக்குப் போனது.

"படம். இது நம்ப கட்டில் இல்ல. நெட்டுல சுட்டது."

"இன்னாடா இது?" என்றார் அண்ணன், மிகவும் மெதுவாக.

"படம். ஏ மிஷினே. நீ படிக்கிறியா இல்லியா?"

"படிக்குது," என்றார் தயாளன்.

"படம். ஏசி கீது. வேல செய்யாது."

உள்ளறையிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வெடித்து, யாரோ வாயைப் பொத்தியதுபோல் நின்றது. தகரக் குரலுக்கு அதெல்லாம் கவலை இல்லை. "இங்க எழுது. இங்க எழுது. இங்க எழுது. பட்டன். பட்டன்" என்று முடித்துக்கொண்டது.

பெண் போயிற்று. வேலையும் போயிற்று. பாலிசி ஒன்றுதான் மிச்சம் என்று கணக்குப் போட்டேன்.

"மொத தடவை எது பேர், எது ஊருன்னு தெரியாம குத்துமதிப்பா நிரப்பினேன்," என்றார் தயாளன். "அப்புறம் ஒரு பட்டனை அழுத்தினேன். எல்லாம் அழிஞ்சுபோச்சு. மறுபடி நிரப்பினேன். அப்பதான் போன் பண்ணினேன். என்ன பதில் வந்ததுன்னு மாப்பிள்ளைக்குத் தெரியும்."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

கோதண்டம் அண்ணன் சமாளிக்கப் பார்த்தார். "தம்பி, ஆனா மிஷினே நூத்துக்கு நூறு குடுத்துகீதுபா. நானே ரெண்டு வாட்டி அமுத்திப் பாத்தேன்."

"குடுக்கும் சார். படத்துக்குப் பின்னால எழுத்து இருக்கான்னு அது பார்க்கும். என்ன எழுதியிருக்குன்னு அதுக்கு எப்படிப் புரியும்? ரெண்டு பட்டனுக்கும் பேர் இருக்கா? இருக்கு. டிக். எதை அழுத்துறதுன்னு தெரியாம ஒருத்தன் முழிக்கிறது அதுக்குத் தெரியாது. அதைக் கீழ ஒரு வரியில அதுவே சொல்லியிருக்கு. இந்தச் சோதனை போதாது, ஆள் வெச்சுப் பாருங்கன்னு."

எறும்பு சைஸ் வரி! உள்குத்து எங்கே என்று அத்தனை இடத்திலும் தேடினேன். மிஷின் பாவம், உண்மையை எழுதிக் கையெழுத்தே போட்டிருந்தது.

"ஜாதகத்துலகூட ஒன்பது பொருத்தம்," என்றார் தயாளன். "அதுவும் கம்ப்யூட்டர்தான். ரெண்டுமே ஆளைப் பார்க்கல. ஊர்ல எல்லாரும் டீக்கடையில போய் மாப்பிள்ளையோட மூஞ்சப் பார்ப்பாங்க. நான் எந்த மூஞ்சப் பார்க்கறது? அதான் அவர் வேலையைக் கேட்டுப் பார்த்தேன்."

"அப்ப வேணாங்கறீங்களாப்பா?" என்றாள் அம்மா. குரல் உடைந்திருந்தது. எனக்கு முதல் தடவையாக இதில் விளையாட்டே இல்லை என்று உறைத்தது. போனில் ஒரு நிமிடம் மனுஷனாக இருந்திருந்தால் போதும்.

நான் என் சொந்தக் குரலில் பேசினேன். "சார், போன்ல பேசினது நான்தான். சத்தியமா உங்கள நம்பல. கண்ணு தெரியாதவர் வெப்சைட்டுக்கு எதுக்கு வரப்போறாருன்னு நெனச்சேன். தப்புதான் சார்."

தயாளன் கீபோர்டைத் தள்ளி வைத்தார். பிறகு சொன்னார்: "எல்லார்கிட்டயும் விசாரிச்சேன். ஏழுமலை தங்கம்னாங்க. எனக்கு அதுதான் சந்தேகமா இருந்தது. அந்தக் கட்டில் ஒண்ணுதான் உண்மை பேசுச்சு. ஒண்ணு பண்ணலாம். அந்த ஃபார்மை நான் தனியா, யார் துணையும் இல்லாம அனுப்பணும். அது உங்களுக்கு வந்து சேரட்டும். அப்புறம் பேசுவோம்."

திரும்பி வரும்போது அண்ணன் கார் கண்ணாடியில் தலையைப் பார்த்துப் பார்த்து ஓட்டினார். ஆபீஸ் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"முடி சரி. சிரிப்புமாடா போட்டோஷாப்பு?"

மறுநாளிலிருந்து ஷிஃப்டு வேனில் ஆள் ஏற்றுகிற வேலை எனக்கு. அந்த ஏசி வேலை செய்யாத வேன்தான்.

ஞாயிறுதோறும் குன்றத்தூர் போனேன். தயாளன் மானிட்டரை அணைத்துவிட்டு, "இப்ப நீங்க அனுப்புங்க" என்பார். நான் செய்த ஃபார்மை என்னாலேயே அனுப்ப முடியவில்லை. எனக்கே அழிந்து அழிந்து போனது. பெட்டிக்கெல்லாம் தனித்தனிப் பெயர் வைத்தேன். பட்டனில் 'அனுப்பு' என்று எழுதினேன். 'அழி' பட்டனைத் தூக்கியே விட்டேன். தப்பாக நிரப்பினால் பெட்டி சிவப்பாகும்படி முன்பு வைத்திருந்தேன். சிவந்தது அவருக்கு எப்படித் தெரியும்? அதை வாயால் சொல்ல வைத்தேன். ஒவ்வொரு வாரமும் ஒன்று சரியாகும், தயாளன் இன்னொன்றில் குறை கண்டுபிடிப்பார். நடுநடுவே அந்தச் சோதனை மிஷினில் போட்டுப் பார்ப்பேன். முதல் வாரமும் நூறு. கடைசி வாரமும் நூறு. நான் பட்ட பாடு எதுவும் அதன் காதில் விழவே இல்லை.

சுமதி அப்போதெல்லாம் காபி கொண்டுவந்து வைப்பாள். முதல் தடவை என்னிடம் பேசியது தகரக் குரலில்தான்: "டம்ளர். இது காபி. பால் நம்ப பால் இல்ல. கடையில வாங்குனது."

ஒரு திங்கட்கிழமை ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு விண்ணப்பம் வந்து கிடந்தது.

பெயர்: தயாளன். ஊர்: குன்றத்தூர். கேட்கும் வேலை: மச்சான். முன் அனுபவம்: இல்லை. எப்போது சேரலாம்: மாப்பிள்ளை நிச்சயத்துக்கு நாள் சொன்னதும்.

எவனோ விளையாடுகிறான் என்று எனக்குச் சந்தேகம். கோதண்டம் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் திரையை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னொரு வாட்டி அனுப்பச் சொல்லுடா," என்றார்.

அனுப்பினார்.

இப்போது வெப்சைட்டில் அண்ணன் வழுக்கைத் தலையோடுதான் இருக்கிறார். கட்டில் எங்கள் கட்டில். (பெட்ஷீட் மட்டும் படத்துக்காகப் புதிது. அதையும் பின்னால் எழுதியிருக்கிறேன்.)

எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் யார் எந்தப் போட்டோவை எடுத்தாலும் மச்சான் கையை நீட்டி, "படத்துல என்ன இருக்கு மாப்பிள்ளை?" என்று கேட்பார். சொல்கிற வேலை என்னுடையது. கல்யாண ஆல்பம் வந்த அன்றைக்கும் எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு படமாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். பெரியம்மா சாப்பிடுகிறார், கோதண்டம் அண்ணன் பாயசத்தை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்க்கிறார், இப்படி. மாலையும் கழுத்துமாக நாங்கள் இருவரும் நிற்கிற படம் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "பொண்ணு அழகா கீது. பக்கத்துல மாப்பிள்ள, ராஜா மாதிரி..." என்று ஆரம்பித்தேன்.

சுமதி முடிக்க விடவில்லை. அம்மாவும் விடவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஏற்ற இறக்கமே இல்லாமல், மொத்தக் குடும்பமும் ஒரே தகரக் குரலில் சொன்னது:

"இது நம்ப மாப்பிள்ள இல்ல. நெட்டுல சுட்டது."